கால்வாய்க்குப் போன பை

“இது மாடியிலேர்ந்து எடுத்த படம். சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும்,” என்று தலைவர் அந்தப் படத்தை மேசை மேல் வீசினார். “என் வீட்டு மாடியில குடியிருக்கறது ஒரே குடும்பம்தான்.”

அந்தத் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஆறு வருடமாக அவரை எதிர்த்து நிற்க ஆளில்லை. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த சுகாதார ஆய்வாளர் படத்தை எடுத்து மறுபடியும் பார்த்தார்.

கால்வாய்ச் சுவரை ஒட்டி ஒரு நீல ஸ்கூட்டர். ஹெல்மெட் போட்ட ஒருவர் கறுப்புப் பை ஒன்றைத் தண்ணீருக்குள் வீசுகிறார், முதுகுதான் தெரிகிறது. படத்தின் ஓரத்தில், கொடியில் தொங்கும் ஈரத்துணியின் நுனி.

“பேர் போடாம வந்த புகார்தான் சார். ஆனா அதுல உங்க வீட்டு நம்பர் இருக்கு. ஸ்கூட்டரும் உங்க ஸ்கூட்டர் மாதிரியே...” என்று இழுத்தார் ஆய்வாளர்.

“இந்த மாதிரி ஸ்கூட்டர் ஆயிரம் ஓடுது. என் வீட்டுச் சமையலறையைப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க!” கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை உள்ளே அழைத்துப் போனார் தலைவர்.

அங்கே மூன்று கூடைகள். ஒன்றில் காய்கறித் தோல், ஒன்றில் காகிதம், இன்னொன்றில் பாட்டில்களும் டப்பாக்களும். பால் கவர்களைக்கூடக் கழுவி, ஜன்னலோரக் கயிற்றில் கிளிப் மாட்டிக் காயவைத்திருந்தது. தன் வீட்டில் எல்லாமே ஒரே கூடையில் கிடப்பது நினைவுக்கு வர, ஆய்வாளருக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“எல்லாம் என் வீட்டம்மா பிரிச்சு வைக்கறது. தெருமுனையில சேகரிக்கற இடத்துக்குக் கொண்டுபோய்க் குடுக்கறது என் வேலை. இந்த வீட்டுக் குப்பையா கால்வாய்க்குப் போகும்?”

இருவரும் கூடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைவரின் மனைவி காலி வாளியோடு படியிறங்கி வந்தார். ஆய்வாளர் கையிலிருந்த படத்தைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. குடும்ப மானம் கப்பலேறுகிறதே என்று தவிக்கிறார் பாவம், என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டார்.

“தண்ணி குடிக்கறீங்களா சார்?” என்று மட்டும் கேட்டார் அந்த அம்மாள்.

“தண்ணி கிடக்கட்டும். ஏம்மா கண்டக்டர்! கீழ இறங்கி வா!” தலைவரின் குரல் மாடியைத் தொட்டது.

மாடியில் குடியிருந்தவர் பேருந்து நடத்துனர். வேலைக்குக் கிளம்பிய சீருடையும் தோளில் தோல்பையுமாக வந்து நின்றார். படத்தைப் பார்த்ததும் அவர் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“படம் நல்லாத்தான் விழுந்திருக்கு. ஆனா நான் எடுக்கல சார். எடுத்திருந்தா மொட்டைக் கடுதாசியா போட்டிருப்பேன்? என் பேரு, பஸ் நம்பரு, எல்லாம் எழுதியில்ல குடுத்திருப்பேன்.”

“புளுகாதே! சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணு.”

“அவங்க பொண்ணுக்குப் பரீட்சை நேரங்க...” என்றார் மனைவி மெல்ல.

“நீ சும்மா இரு!”

“விடுங்கக்கா, பண்ணிடறேன்,” என்றார் கண்டக்டர். குரலில் கொஞ்சமும் நடுக்கமில்லை. “மூட்டை கட்ட எனக்கு ஒரு மணி நேரம் போதும். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. போன மழைக்கு இந்தக் கால்வாய் அடைச்சு, இதே கூடத்துல முழங்கால் தண்ணி நின்னுச்சு. நானும் அக்காவும்தான் உங்க சாமானையெல்லாம் தலையில சுமந்து மாடிக்கு ஏத்தினோம். எது அடைச்சிருந்துச்சுன்னு அன்னிக்கே பாத்தோம். பூரா கறுப்புப் பை! இந்தத் தண்ணிதான் ஏரிக்குப் போகுது, அதைத்தான் ஊரே குடிக்குது. பையைப் போட்டவன் ஜம்முனு உக்காந்திருப்பான், படமே எடுக்காதவ மூட்டை கட்டணும். ரொம்ப நல்லா இருக்கு உங்க நியாயம்!”

ஆய்வாளருக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. சட்டம் இடம் கொடுக்கவில்லை.

“இங்க பாருங்க,” என்று புகார்க் கோப்பைத் திறந்தார். “பேரில்லாத புகாரை வச்சுக்கிட்டு நான் ஒண்ணும் செய்ய முடியாது. படம் எடுத்தவங்க நேர்ல வந்து, ‘எடுத்தது நான்தான், பையைப் போட்டது இவர்தான்’னு கையெழுத்துப் போடணும். இல்லேன்னா இத்தோட இதை மூடிட வேண்டியதுதான்.”

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். “கேட்டுக்கோ கண்டக்டர்! எனக்கு எதிரா கையெழுத்துப் போட இந்தத் தெருவுல எவனுக்குத் துணிச்சல் இருக்கு? வேணும்னா வாசல்ல நின்னு கூவிப் பாரேன்.”

கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கண்ணால் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல அவருக்கு வராது.

ஆய்வாளர் கோப்பை மூடப் போனார். ஒரு கை குறுக்கே வந்து அதை அழுத்திப் பிடித்தது. தலைவரின் மனைவி. கணவருக்காகக் கெஞ்சப் போகிறார் என்றுதான் ஆய்வாளருக்குத் தோன்றியது.

அவர் கெஞ்சவில்லை. கணவரை நேருக்கு நேர் ஒருமுறை பார்த்துவிட்டு ஆய்வாளர் பக்கம் திரும்பினார்.

“கையெழுத்து எங்க போடணும் சார்?”