எட்டுப் புள்ளிகள்

"உங்க பேரை வைக்காதீங்க. நாய் பேரையும் வைக்காதீங்க. இந்த ஊர்ல எல்லாருக்கும் எல்லா நாயையும் தெரியும்."

வகுப்பு சிரித்தது. வெள்ளிக்கிழமையின் கடைசி வகுப்பு. உதவி ஆசிரியையான அக்கா, பலகையில் 'பாஸ்வேர்டு' என்று எழுதி அடியில் கோடு போட்டாள்.

"கால்பந்து டீம் பேரு?" என்றாள் கடைசி வரிசைக்காரி.

"திருடன் அதைத்தான்டி முதல்ல போட்டுப் பாப்பான். எட்டு எழுத்தாவது இருக்கணும். யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. போன்ல கேட்டா சொல்லவே கூடாது."

"அப்ப படப்பெட்டிக்கு நீங்க என்ன வச்சிருக்கீங்க?"

ஊரின் படங்கள், பாட்டுகள், கதைகள் எல்லாவற்றையும் சேர்த்து, வீட்டுக்கு வீடு டேப்லெட்டில் தெரியும்படி அவள்தான் செய்து வைத்திருந்தாள். படப்பெட்டி என்பது பிள்ளைகள் வைத்த பெயர். திறந்தால் முதலில் அவள் முகம்தான் வந்து, "வாங்க, வாங்க!" என்று சிரிக்கும்.

அக்கா தன் தங்கை டெனிஷாவை மட்டும் அருகில் அழைத்தாள். "ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒருத்திக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தி." காதில் சொன்னாள்.

பதினான்கு வயது டெனிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா! ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு நீயா இப்படி?"

"ச்சீ, கத்தாதே. திங்கக்கிழமை மாத்திடறேன்."

அன்று மாலை, நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்குப் போகும் செம்மண் சாலையில் அவள் வண்டி புரண்டது.

அந்தப் பழங்குடி ஊரின் வழக்கப்படி, குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே துக்கக் கொட்டகையில் போய் உட்கார்ந்தது. அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். துக்கம் முடியும்வரை அவளுக்குக் கைகள்தான் பேச்சு.

ஐந்தாம் நாள் காலை யார் வீட்டுக் குழந்தையோ கொட்டகைக்குப் பக்கத்தில் டேப்லெட்டைத் திறந்துவிட்டது. "வாங்க, வாங்க!" என்ற குரல் கேட்டு அம்மா மண்ணில் விழுந்தாள்.

டெனிஷாவின் அத்தை நப்புருலா, அவளையும் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"போனவ முகம் இன்னும் சிரிச்சுக்கிட்டிருக்கு. குரல் பேசிக்கிட்டிருக்கு. நாளைக்கு வெளியூர்ச் சனம் எல்லாம் துக்கத்துக்கு வருது. அவங்க கண்ணுல பட்டா எங்க குடும்பத்தை என்ன நினைப்பாங்க? அவளை நிம்மதியா இருக்க விடுங்கய்யா!"

தலைமையாசிரியர் கிரெய்க் பதறினார். "எல்லாத்தையும் அழிச்சிடலாமா?"

"அழிக்கக் கூடாது சார்" என்றாள் டெனிஷா. "மறைக்கணும். அம்மா சரின்னு சொல்ற அன்னிக்குத் திரும்பக் காட்டணும். அதுக்கு ரெண்டு வருஷம்கூட ஆகலாம்."

வீடு வீடாகப் போய் டேப்லெட்டுகளை வாங்கி வர வகுப்புப் பெண்கள் ஓடினார்கள்.

"முதல் பக்கத்துல மறைச்சாப் போதாதாடி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒவ்வொண்ணுலயும் ஒரு நகல் உக்காந்திருக்கும். பாடத்தப்ப தூங்கினியா?" என்றாள் இன்னொருத்தி.

"குமன்ஜாயி! உங்க வீட்டுதையும் எடுத்துட்டு வா!" என்று அத்தை கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டாள். போனவளின் பெயர்தான் அவளுக்கும். இறந்தவரின் பெயர் ஊரில் யார் வாயிலும் வரக்கூடாது; அந்தப் பெயருக்குப் பதிலாகச் சொல்லும் சொல்தான் குமன்ஜாயி. ஐந்து நாளாக அவளும் குமன்ஜாயிதான்.

கிரெய்க் தூரத்து டார்வின் நகரத்திலிருக்கும் கணினி நிபுணருக்குப் போன் போட்டு, யாருடையது என்று சொல்லாமல் சில படங்களை மறைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, ஒலிபெருக்கியில் வைத்தார்.

"நேர்ல வர ஒரு வாரம் ஆகும். பாஸ்வேர்டு சொல்லும்மா, இங்கிருந்தே முடிச்சிடறேன்."

"சொல்ல முடியாது" என்றாள் டெனிஷா.

"தெரியாதா?"

"தெரியும். சொல்லக் கூடாது."

"நான்தான்மா உங்க ஸ்கூலுக்கே ஆளு. சார் பக்கத்துலதான இருக்காரு?"

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. போன்ல சொல்லவே கூடாது."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "சபாஷ்! எங்க ஆபீஸ்ல தலை நரைச்சவங்ககூட கேட்ட உடனே ஒப்பிச்சிடறாங்க. உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

"எங்க அக்கா."

"அவங்க பேர் என்ன? எங்க பயிற்சிக்குக் கூப்பிடறேன்."

அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதையும் சொல்ல முடியாது" என்றாள் டெனிஷா.

"கெட்டிக்காரிதான் போ. சரி, நீயே செய். நான் வழி சொல்றேன்."

வழி சொல்ல அவருக்கு வேலையே இருக்கவில்லை. டெனிஷா விசைகளைத் தட்டினாள். திரையில் எட்டுப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. பெட்டி திறந்தது. சிரிக்கும் முகத்தை ஒருமுறை பார்த்தாள். படம், குரல், காணொளி என்று ஒவ்வொன்றாக மறைத்தாள். முதல் பக்கத்தில் ஊருக்குப் பின்னாலிருக்கும் சிவப்புக் குன்றை வைத்தாள். மேசையில் அடுக்கிய டேப்லெட்டுகளைப் பெண்கள் இணையத்தில் சேர்த்து, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார்கள். எல்லாவற்றிலும் குன்றுதான்.

"டார்வின்காரனுக்கு ஒரு வாரமாம். எங்க பொண்ணுங்க ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிட்டாளுங்க!" அத்தை அதைக் கடை வாசலில் ஒருமுறையும் கொட்டகையில் ஒருமுறையும் சொன்னாள்.

அம்மா டேப்லெட்டை வாங்கி வெகுநேரம் குன்றைப் பார்த்தாள். பிறகு கையை மெல்ல அசைத்தாள். 'நல்லது. அவள் வளர்த்த பிள்ளை நீ.'

டெனிஷா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். ஊரே வாய் திறந்து சொல்லாத ஒன்றை அவை சொல்லியிருந்தன.

பாஸ்வேர்டு என்ன, அக்கா பெயர் என்ன என்று டார்வின்காரர் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். திங்கட்கிழமை மாற்றுவதாக இருந்த அது, இன்றுவரை மாறவில்லை.