நரி முத்திரை

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துக் காலைப் பனி இன்னும் விலகவில்லை. களஞ்சிய முற்றத்தில் மேவிஸ் பழஞ்சாமான்களை விற்கப் பரப்பியிருக்கும் மேசை முன்னால் நின்று, டெல்பர்ட் தனக்குத் தேவையே இல்லாத ஒரு ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். கண் மட்டும் பக்கத்து ஆளின் கையிலுள்ள கோடரியில் இருக்கிறது. அதன் துருவுக்கடியில் ஒரு நரியின் வால் மங்கலாகத் தெரிகிறது. பழங்கோடரிகளைச் சேகரிக்கும் அவன், இந்த நரி முத்திரை குத்திய கோடரியைத் தேடி ஏறி இறங்காத சந்தை இல்லை. ஆனால் ஒருவர் கையில் இருக்கும்வரை அந்தப் பொருளுக்கு இன்னொருவர் விலை கேட்பது இந்தப் பக்கம் வழக்கமில்லை. அந்த ஆளோ கோடரி முனையால் பூட்ஸ் சேற்றைச் சுரண்டிக்கொண்டே, "விறகு பொளக்க இது தாங்குமாம்மா?" என்று கேட்கிறார். ஒவ்வொரு சுரண்டலுக்கும் டெல்பர்ட்டுக்குப் பல் கூசுகிறது. "அது தாங்கும், உங்க இடுப்பு தாங்குமான்னு பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு மேவிஸ் வேறு யாருக்கோ சில்லறை எடுக்கத் திரும்புகிறாள். அவர் சிரிக்கிறார். பூட்ஸ் நாடா அவிழ்ந்து கிடப்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது. "தம்பி, இதக் கொஞ்சம் புடிங்க," என்று கோடரியை டெல்பர்ட்டிடமே நீட்டிவிட்டுக் குனிகிறார். இரும்பு சில்லென்றிருக்கிறது. கட்டைவிரல் தன்போக்கில் துருவைத் தேய்க்க, வாலுக்கு முன்னால் நான்கு கால்களும் ஒரு கூர்மூக்கும் தட்டுப்படுகின்றன. மேவிஸ் திரும்புகிறாள். "அது உங்களுக்கா?" டெல்பர்ட் கோடரியை மார்போடு சேர்த்துக்கொள்கிறான். "ஆமா," என்கிறான். கீழே குனிந்திருப்பவரின் தலை நிமிரவில்லை. நாடா கட்டிக்கொண்டிருந்த விரல்கள் மட்டும் அப்படியே நின்றுவிடுகின்றன.