மூன்றாவது சரணம்

"உங்களோட சேர்த்து நாலு பேர் வந்தாச்சுய்யா. எல்லாரும் 'நான்தான் எழுதினேன்'னு சத்தியம் பண்றாங்க" என்றார் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரெந்தோன், நாற்காலியைக்கூடக் காட்டாமல்.

ஹெர்மிலோ தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். கோர்தோபாவில் சலூன் வைத்திருப்பவன். விடியற்காலை பஸ் பிடித்து மெக்சிகோ நகரத்து இசைத்தட்டுக் கம்பெனிக்கு வந்திருந்தான்.

எழுபத்திரண்டில் அந்தக் கம்பெனி வெளியிட்ட ஒரு தட்டில் ஒரே ஒரு காதல் பாட்டு நாட்டையே உருக வைத்துவிட்டது. மதுக்கடையில் யாரோ பாடக் கேட்டுப் பாடகர் எடுத்துக்கொண்டது. உறையில், 'எழுதியவர் தெரியவில்லை'. எழுதியவர் நேரில் வந்தால் அடுத்த பதிப்பில் பெயர் போடுவதாக ரேடியோவில் அறிவித்திருந்தார்கள்.

"எனக்குக் காசு வேணாங்க. பேர் வந்தாப் போதும்."

"போன வாரம் வந்தவனும் இதையேதான் சொன்னான். பொய்யின்னு தெரிஞ்சா ஜெயில். இப்பவே கிளம்பிட்டீங்கன்னா நான் கண்டுக்க மாட்டேன்."

ஹெர்மிலோவுக்குக் காது சிவந்தது. பதினோரு வருஷமாக அவன் பாடிய பாட்டு. இப்போது முடி வெட்ட உட்காருகிறவனெல்லாம் அவனிடமே முணுமுணுக்கிறான். 'என் பாட்டுடா' என்றால் சிரிக்கிறான்.

"தட்டுல ரெண்டு சரணம்தான் இருக்கு. மூணாவது ஒண்ணு இருக்கு. எழுதினவனுக்கு மட்டும்தான் தெரியும்."

"பாடுங்க, பார்ப்போம்."

தட்டில், காப்பித் தோட்டத்துப் பாழுங்கிணற்றருகே காதலி காத்திருப்பதோடு பாட்டு முடிந்துவிடும். ஹெர்மிலோ கண்ணை மூடிக்கொண்டு மேலே பாடினான். இப்போது அவள் கிணற்றுக்குள் தூங்கினாள். ஒரு காலில் மட்டும் வெள்ளைச் செருப்பு. கழுத்தில் அவன் கட்டிவிட்ட நீலப் பட்டு நாடா. ஹெர்மிலோவின் குரல் உடைந்தது. மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரெந்தோன் எழுந்து, தானே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வேற யார்கிட்டேருந்தும் சுட்டது இல்லையே?"

"ஒவ்வொரு வார்த்தையும் என்னுது. எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன்."

பாட்டைத் தட்டச்சு செய்து நீட்டினார்கள். போட்டான்.

"பேர் எப்பங்க வரும்?"

"நாளைக்குக் காலைப் பேப்பர்லயே" என்றபடி ரெந்தோன் போலீஸ் அடையாள அட்டையை மேஜைமேல் வைத்தார்.

"போன மாசம் அந்தக் கிணத்தைத் தூர் வாரினப்ப எலும்போட ஒத்தைச் செருப்பும் நீல நாடாவும் கிடைச்சதை நாங்க இன்னும் யார்கிட்டயும் சொல்லலை."