அப்பாவின் இடது கை

மரவாடி ஆபீஸ் சுவரில் அப்பாவின் படத்தை மாட்டிவிட்டு, மேனேஜர் இரண்டடி பின்னால் வந்து அழகு பார்க்கிறார். வெளியே ரம்பம் ஓடவில்லை. அப்பா செத்ததற்கு இன்று அரை நாள் லீவு. ஜன்னல் வெயிலில் மிதக்கும் மரத்தூள் புதுக் கண்ணாடியில் வந்து படிகிறது. படத்தில் அப்பா லாரிக் கதவில் இடது கையை ஊன்றி நிற்கிறார். அந்தக் கையில் ஐந்து விரல்களும் இருக்கின்றன. முப்பது வருஷம் காட்டில் மரம் வெட்டி, அதைத் தானே லாரியில் ஏற்றி மலையிறக்கிய மனிதர். இரண்டு விரல்களை இந்த வாசலில்தான், மரம் இறக்கும் சங்கிலி அறுந்த அன்று, பறிகொடுத்தார். சங்கிலி தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று ஒரு மாதமாகத் தலைதலையாய் அடித்துக்கொண்டார். இங்கே யார் காதில் விழுந்தது?

"விரலை யார் வெச்சது?" என்கிறாள் அம்மா.

"ஸ்டுடியோவுல நான்தான்மா சொன்னேன். பாக்கறவங்களுக்கு நல்லா இருக்கணும்ல."

"அவர் உயிரோட இருந்தப்ப ஒரு சங்கிலி மாத்த மனசு வரல. இப்ப விரல் முளைக்க வெச்சிருக்கீங்க."

மேனேஜர் வியர்க்காத நெற்றியைத் துடைக்கிறார். படத்துக்குக் கீழே வைக்க அப்பாவின் பொருள் ஏதாவது வேண்டும் என்று கேட்டு அனுப்பியிருந்தவர் அவர்தான். அம்மா பையிலிருந்து இடது கையுறையை எடுக்கிறாள். வெறும் துணி சங்கிலியில் மாட்டிவிடக் கூடாதென்று, புதுசு வாங்கும்போதெல்லாம் அந்த இரண்டு விரல்களை மடித்துத் தைத்துக் கொடுப்பாள். அதைப் படத்தின் கீழே பலகையில் விரித்து வைத்து, ஒவ்வொரு விரலாக நீவிவிடுகிறாள்.

"பாக்கறவங்க எண்ணிப் பாத்துக்கட்டும்."