கடல்கட்டிக் கயிறு

பிளாரன்ஸ் கடைக்குள் நுழைந்ததும் விஜிலா எழுந்து நின்றாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தாள்.

பிளாரன்ஸ் தன் புருஷன் ஜெரால்டை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூடவே அவள் கொழுந்தன் பெவினும் வந்திருந்தான்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் வலையும் கயிறும் விற்கிற கடை அது. லைஃப் ஜாக்கெட் மட்டும் போகவே இல்லை. போட்டுக்கொண்டு வலை இழுக்க முடியாது என்பார்கள். ஏதாவது செய்யச் சொல்லி முதலாளி நச்சரித்தபோது, விஜிலா ஒரு கதையைப் பிடித்தாள்.

முத்துக்குளித்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் கரையில் நின்று மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவாராம். அது ஊரில் எல்லோரும் கேட்டதுதான். அவர் கறுப்புக் கயிறும் கட்டிவிடுவார், கட்டியவனைக் கடல் திருப்பித் தந்துவிடும் என்பது மட்டும் விஜிலா சேர்த்தது.

அதைச் சொல்லி போனில் வீடியோ போட்டாள். ஜாக்கெட் வாங்கினால் கயிறு இலவசம்.

ஜாக்கெட் விற்றுத் தீர்ந்தது. ஜெரால்டும் வாங்கினான். சிரித்துக்கொண்டே கையை நீட்டி, அவளிடமே கயிற்றைக் கட்டிக்கொண்டான். ஜாக்கெட்டை வள்ளத்தில் தலைக்கு வைத்துத்தான் படுப்பானாம். அலை வள்ளத்தைப் புரட்டியபோது அது அவன் உடம்பில் இல்லை.

"நீ சொன்னது சரிதாம்ளா" என்றாள் பிளாரன்ஸ். "கடல் திருப்பித் தந்துரும்னு சொன்னேல்லா. கூடப் போனவுக யாரும் இன்னும் கிடைக்கல. இவரு மட்டும் கரை ஒதுங்கிட்டாரு. முகத்தப் பாத்து மண்ணு போட முடிஞ்சுது. நாளைக்கு இவன் கடலுக்குப் போறான். இவனுக்கும் ஒண்ணு கட்டிவிடு."

பெவின் கையை நீட்டினான்.

எல்லாம் நான் கட்டிவிட்ட கதை என்று சொல்ல விஜிலா வாயெடுத்தாள். பிளாரன்ஸின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் பெவினுக்கு மாட்டினாள். பட்டியை இறுக்கி, அதன் கொக்கியில் கயிற்றை முடிந்தாள்.

"கையில கட்டுனா பலிக்காதுக்கா. ஜாக்கெட்டுலதான் கட்டணும். கரைக்கு வார வரைக்கும் கழட்டவே கூடாது."

பெவின் பயபக்தியோடு தலையாட்டினான்.

பிளாரன்ஸ் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏளா, அவருக்கு நீ கையிலதான கட்டிவிட்ட?"