பயணிகள் முறை

கரிசல் காட்டின் நடுவே கட்டிய விமான நிலையத்துக்கு ஒரு விமானமும் வரவில்லை. அதனால் சுற்றுவட்டார மக்களே தெருவாரியாக முறைவைத்து வந்து பயணிகளாக உட்கார வேண்டும் என்று சட்டம் வந்தது. மாலைக் கணக்கெடுப்பில் ஓர் இருக்கை காலியாக இருந்தாலும், அந்தத் தெருவுக்கு ஒரு மாதம் தண்ணீர் கிடையாது.

ராக்கம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் பெத்துராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

அவள் பதறி எழுந்து மேற்பார்வையாளரிடம் ஓடினாள். "ஐயா, அவுகளுக்கு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவணும்."

"தாராளமா போங்கம்மா. நோயாளிக்கும் துணைக்கும் விதிவிலக்கு உண்டு. தூக்குற ஆளுகளுக்குத்தான் கிடையாது."

பெத்துராஜ் கனத்த மனிதர். தூக்க இன்னும் மூன்று பேராவது வேண்டும். அவள் தன் தெருக்காரர்களைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறு மதினி. கணக்கு முடியட்டும், நாங்களே ஓடியாறோம்," என்றார் அடுத்த வீட்டுக்காரர். யாரும் அசையவில்லை.

எதிர் வரிசையில் அவள் மகன் தவசி இருந்தான்.

"எந்திரிடா. உங்கப்பாடா!"

அவன் இருக்கையின் கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே அழுதான்.