வயலுக்குள் வந்த சிவப்புத் தகரம்

அறுவடை இயந்திரம் வரப்போரம் உறுமிக்கொண்டு நிற்கிறது. எல்லையோர ராணுவச் சாவடிக்கு அப்பால் உள்ள எங்கள் வயல்களில் பொழுது சாயும்வரைதான் வேலைக்கு அனுமதி. வெயில் இப்போதே மஞ்சளாகிவிட்டது. வெள்ளம் வடிந்த இடத்தில், சாய்ந்த கதிர்களின்மேல், மேட்டு வேலியில் தொங்கிக்கொண்டிருந்த 'கண்ணிவெடி' என்று எழுதிய சிவப்பு முக்கோண எச்சரிக்கைத் தகரம் சேறு அப்பிக் கிடக்கிறது. வயல்காரர் தோக்சு வரப்பில் நின்றபடியே அதைக் கழியால் இழுத்தெடுக்கிறார். "தகரந்தாம்ப்பா அடிச்சிட்டு வந்திருக்கு. நீ வண்டிய எறக்கு." ஓட்டுநர் மான்கி அசையவில்லை. "அது வந்த வழியில வேற எதுவும் வரலைன்னு யாருண்ணே பார்த்தா?" "பட்டாளத்துக்குச் சொன்னா, அவங்க தேடி முடிக்கறதுக்குள்ள இத்தனை நெல்லும் முளைச்சிடும்டா, பயந்தாங்கொள்ளி!" "பயந்தாங்கொள்ளியா இருக்கறதாலதாண்ணே ரெண்டு காலும் இருக்கு." தோக்சுவின் மனைவி போக்னியோ தலைத்துணியை இறுக்கிக் கட்டுகிறாள். "ஏங்க, அப்ப நீங்க முன்னால நடங்க. உங்க காலடித் தடத்துலயே அவரு ஓட்டட்டும்." தோக்சு அவளை முறைத்துவிட்டு வயல் பக்கம் திரும்புகிறார். ரப்பர் காலணிக்குள் வலது கால் எழுகிறது. காற்றில் கதிர்கள் ஒருமுறை புரண்டு அடங்குகின்றன. தூக்கிய கால் அந்தரத்திலேயே நிற்கிறது. பின்னால் மான்கி இயந்திரத்தை அணைக்கிறான். அந்த அமைதியில் தோக்சு காலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, வரப்பின்மேலேயே வைக்கிறார். "போனைப் போடு," என்கிறார் மனைவியிடம்.